வறண்ட நீர்ப்பிடிப்பில் கணினி மாதிரி ஏன் வெள்ளத்தைக் கூட்டிக் காட்டுகிறது?

வளைவு எண்ணை, அதாவது பெய்யும் மழையில் எவ்வளவு நிலத்தின் மேல் வழிந்தோடும் என்று கணக்கிட உதவும் எண்ணை, எவ்வளவு குறைத்தாலும் கீழ்ப்பகுதியில் மாதிரி தரும் வெள்ளம் அளவீட்டைவிட அதிகமாக வருகிறது என்கிறீர்கள். சரி, வளைவு எண்ணை விட்டுவிட்டு ஓடை மணலைப் பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள வால்நட் கல்ச் நீர்ப்பிடிப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். அங்கே கோடை இடிமழை ஏதோ ஒரு மூலையில் மட்டும் கொட்டும். மேலே சீறிக் கிளம்பும் வெள்ளம் காய்ந்த மணலுக்குள் இறங்கி இறங்கி, கீழே வருவதற்குள் மெலிந்துவிடும்; சிலசமயம் வந்தே சேராது. அதனால் மாதிரியில் ஓடைப் படுகை நீரை உறிஞ்சும் வேகத்தை முதலில் சரிசெய்யுங்கள். மழைமானி ஒன்றே ஒன்றுதான் என்றால் எந்தச் சரிசெய்தலையும் நான் நம்பமாட்டேன். அப்புறம், நாள்கணக்கில் ஒப்பிடாதீர்கள்; ஓட்டமே இல்லாத நாட்களும் பொருந்தியதாகச் சேர்ந்து உங்களை ஏமாற்றும். ஒவ்வொரு வெள்ளத்தின் மொத்த அளவையும் உச்சத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.