யாருக்கு இன்னும் எத்தனை ஆண்டு? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் நான் எழுதிய நான்கு வரிகளுக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. திருகோணமலையில் பல வீடுகளில் பிள்ளையோ மருமகனோ அந்தப் பக்கம் இருப்பதால், அங்கே மூளும் சண்டை இங்கே முற்றத்துக்கும் வந்துவிடுகிறது போலும். ஒரே விடயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதை உதைபந்தாட்டம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
– நிலாவெளி வாசகர்

பெயர் வைத்தது நானல்ல. அவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். பெயரைவிடக் 'கல்லூரி' என்ற சொல்தான் நம்மவரைக் குழப்புகிறது. நமது ஊரில் கல்லூரி என்றால் ஆறாம் வகுப்புப் பையனும் அங்கேதான் படிப்பான். அவர்கள் கல்லூரி என்று சொல்வது பல்கலைக்கழகத்தை. களத்தில் பக்கத்துக்கு 11 பேர்தான் நிற்பார்கள் என்றாலும், தாக்குவதற்கு ஒரு குழு, தடுப்பதற்கு வேறொரு குழு, உதைப்பதற்கு இன்னும் சிலர் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பதால், ஓர் அணியின் பெயர்ப்பட்டியல் நூறைத் தாண்டிவிடும். கீழே வரும் சச்சரவுகளில் பாதிக்கு இதுவே காரணம்.

கே: ஒஹாயோவில் படிக்கும் என் அண்ணன் மகன் 2024 நவம்பரில், "அந்தப் பயிற்றுவிப்பாளரைத் துரத்தினால்தான் அணி உருப்படும்" என்று தொலைபேசியில் கத்தினான். இரண்டு மாதம் கழிய அதே மனிதரின் படத்தைத் தன் வட்ஸ்அப்பில் போட்டிருந்தான். இது என்ன கூத்து?
– உவர்மலை வாசகி

உங்கள் மருமகன் மட்டுமல்ல, அம்மா, அந்த மாநிலத்தில் பாதிப்பேர் அப்படித்தான் இருந்தார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்றுவிப்பாளர் ரயன் டே, 2024 நவம்பர் 30ஆம் திகதி, தரவரிசையிலேயே இல்லாமல் வந்த மிச்சிகன் அணியிடம் சொந்த மைதானத்தில் 13–10 என்று தோற்றார். மிச்சிகனிடம் அது தொடர்ச்சியாக நான்காவது தோல்வி. பொறுப்பேற்ற காலம் முதல் அன்றுவரை அவர் தோற்ற ஆட்டங்கள் மொத்தமே பத்துதான்; ஆனால் அந்தக் கணக்கை அன்று யார் கேட்பார்கள்? பக்கத்து ஊரிடம் தோற்றுவிட்டு வேறு யாரை வென்று வந்தாலும் வீட்டில் சோறு இறங்காது என்பது கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

12 அணிகள் மோதும் புதிய இறுதிச் சுற்று முறை அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தது. பழையபடி நான்கே அணிகள் என்றிருந்தால், அந்தத் தோல்வியோடு அவர்களுடைய கதை முடிந்திருக்கவும் கூடும். புதிய முறையில் டென்னசி, ஒரேகன், டெக்சாஸ் ஆகிய அணிகளை அடுத்தடுத்து வென்று, 2025 ஜனவரி 20ஆம் திகதி நோட்டர் டாம் அணியை 34–23 என்று வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கினார்கள். இரசிகர்கள் பேச மறந்த ஒன்று உண்டு. அந்த அணியின் முக்கிய வீரர்களில் பலர், ஓராண்டு முன்னரே தொழில்முறை அணிகளுக்குப் போயிருக்கக் கூடியவர்கள். ஆடுவதற்கு இன்னும் ஓராண்டு மிச்சம் இருக்கிறது என்பதால் திரும்பி வந்தவர்கள். பயிற்றுவிப்பாளர் நல்லவரா கெட்டவரா என்று ஊர் அடித்துக்கொண்டிருந்த வேளையில், கிண்ணத்தைத் தீர்மானித்தது அந்த மிச்ச ஆண்டுதான் என்பது என் எண்ணம்.

துரத்துவதற்கும் விலை உண்டு. டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷரை விலக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை 75 மில்லியன் டொலருக்கு மேல். வேலை செய்யாமல் வீட்டில் இருப்பதற்கு!

கே: ஓர் அமெரிக்கக் கல்லூரி அணியில் 25 வயதுக்காரர் ஆடுவதாகப் படித்தேன். எங்கள் மாணவர்களுக்கு ஒரு நாள் வயது கூடினாலும் வெளியே நிறுத்துகிறோமே. அங்கே தகுதியை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?
– கிண்ணியா, உடற்கல்வி ஆசிரியர்

ஐயா, நாம் எண்ணுவது பிறந்த நாளை. அவர்கள் எண்ணுவது படிக்கச் சேர்ந்த நாளை. என்.சி.ஏ.ஏ. என்று அழைக்கப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் நெடுநாளைய விதிப்படி, முழுநேர மாணவராகச் சேர்ந்ததிலிருந்து ஐந்து ஆண்டு ஓடும். அதற்குள் நான்கு பருவங்கள் ஆடலாம். மிஞ்சும் ஓர் ஆண்டை, ஆட்டத்தில் இறங்காமல் பயிற்சியில் மட்டும் கழிக்கலாம். பயிற்சிக்கு மட்டும் வருபவருக்குச் சிவப்பு மேற்சட்டை கொடுத்த பழைய வழக்கத்தால், அதற்குச் 'சிவப்புச் சட்டை ஆண்டு' என்றே பெயர். 2018 முதல், நான்கு ஆட்டங்கள் வரை இறங்கினாலும் அந்தப் பருவம் கணக்கில் சேராது என்று தளர்த்தினார்கள்.

நூல் இங்கேதான் சிக்குப்பட்டது. கொவிட் காரணமாக 2020ஆம் ஆண்டுப் பருவத்தை எவர் கணக்கிலும் சேர்க்காமல் விட்டார்கள். காயத்தால் ஒரு பருவம் வீணானால் அதற்கும் விலக்குக் கேட்கலாம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 2016இல் ஒரேகனில் சேர்ந்த கெம் மெக்கோர்மிக் என்ற வீரர், அடுத்தடுத்து வந்த காயங்களால் விலக்குப் பெற்றுப் பெற்று, 2024இல் மயாமி அணிக்காக ஒன்பதாவது ஆண்டில் ஆடினார். அவர் விதியை மீறவில்லை. எல்லாம் எழுத்தில் உள்ளபடியே நடந்தது.

அடுத்தது டியேகோ பாவியாவின் வழக்கு. இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் ஆடிவிட்டு, நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கிருந்து 2024இல் வாண்டர்பில்ட் வந்தவர். அந்த ஒக்டோபரில், முதலிடத்தில் இருந்த அலபாமாவை அவருடைய அணி 40–35 என்று வென்றபோது, இரசிகர்கள் கோல் கம்பத்தையே பிடுங்கி நாஷ்வில் தெருக்களில் தூக்கிச்சென்று கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள். சங்கமோ, இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிய காலமும் கணக்கில் சேரும், உமது காலம் முடிந்தது என்றது. அவர் நீதிமன்றம் போனார். 2024 டிசெம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த விதியை அவர்மேல் செலுத்தக் கூடாது என்று இடைக்கால உத்தரவிட, 2025 பருவத்திலும் ஆடினார். அந்த உத்தரவுக்குப் பிறகு, அதே நிலையில் இருந்த மற்ற வீரர்களுக்கும் சங்கம் ஓராண்டு விலக்கு அளித்தது.

உங்கள் 'ஒரு நாள்' கணக்கைப் படித்ததும் எனக்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. நான் பள்ளி அணியில் மாற்று ஆளாக இருந்த காலம். மக்கெய்சர் மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் முன், எதிரணி ஆசிரியர் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பொலித்தீன் உறையிலிருந்து எடுத்து வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தார். எங்கள் இடது பின்காவலனின் சான்றிதழில் மட்டும் ஆண்டின் கடைசி இலக்கம் வேறு மையில் இருந்தது. அதைத் திருத்தியவன் அவனல்லன். அவனுக்குத் தெரியாமல் வளர்ந்தவர் ஒருவர் செய்த வேலை. அவன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் ஒன்றாக முடிந்து, கழுத்தில் போட்டுக்கொண்டு யாரிடமும் பேசாமல் உட்துறைமுக வீதிப் பக்கமாக நடந்து போனான். ஆகவே விதி கடுமையாக இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தண்டனை யார்மேல் விழுகிறது என்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

கே: அணிப் பட்டியலுக்கு 105 பேர் என்று வரம்பு வைத்ததற்கு ஏன் அத்தனை எதிர்ப்பு? 105 பேர் போதாதா?
– பாலையூற்று வாசகர்

பதினெட்டுச் சட்டைக்கே நன்கொடைப் புத்தகம் தூக்கும் நமக்கு 105 பெருங்கூட்டம்தான். அங்கே முன்பு, உதவித்தொகை பெறுபவர்களுக்கு 85 என்ற உச்சவரம்பு இருந்தது. சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் சேர்பவர்களுக்கு அப்படி இறுக்கமான வரம்பு இல்லை. 2025 ஜூன் 6ஆம் திகதி நீதிபதி குளோடியா வில்கன் அங்கீகரித்த, வீரர்கள் சிலர் சங்கத்தின்மேல் தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசம் இரண்டையும் மாற்றியது. அதன்படி, இணங்கிய பல்கலைக்கழகங்கள் முதலாம் ஆண்டில் ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம். உதவித்தொகை எண்ணிக்கைக்குப் பதிலாக உதைபந்தாட்டத்தில் மொத்தப் பட்டியலே 105 பேர்.

பங்கிடுவது நியாயம் என்பதே என் கட்சி. ஆயினும் 106ஆவதாக நிற்பவர் யார் என்று பாருங்கள்: ஒரு டொலரும் வாங்காமல் விடியற்காலைப் பயிற்சிக்கு வந்து, பெரிய வீரர்களுக்கு இடிதாங்கியாக நின்ற பையன். ஏப்ரலில் நீதிபதி கையெழுத்திடத் தயங்கியதும் இவர்கள் பொருட்டே. வரம்பை எதிர்பார்த்து ஏற்கெனவே நீக்கப்பட்டவர்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் திரும்ப எடுக்க வழி செய்த பின்னரே அங்கீகாரம் கிடைத்தது. அதிலும் எடுக்கலாம் என்றுதான் இருக்கிறதே தவிர, எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பாவியா போன்றவர் ஓராண்டு கூடுதலாகத் தங்கினால், உயர்நிலைப் பள்ளி முடித்து வாசலில் நிற்கும் ஒருவருக்கு இடம் இல்லாமற் போகிறது என்ற வாதம் இந்த 105க்குப் பிறகு இன்னும் வலுத்துவிட்டது. கிண்ணியா ஆசிரியரின் கேள்வியும் உங்கள் கேள்வியும் உண்மையில் ஒன்றே.

கே: ஒவ்வோர் ஆண்டும் அணி தாவும் வீரருக்கு விசுவாசம் என்று ஒன்று உண்டா?
– மூதூர் வாசகர்

முன்பெல்லாம் இடம் மாறினால் பொதுவாக ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். 2018 ஒக்டோபரில் மாற விரும்புவோரின் பெயரைப் பதியும் ஏடு ஒன்றைத் திறந்தார்கள். 2021இல் ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்றார்கள். 2024 ஏப்ரல் முதல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை மாறினாலும் ஆடலாம். அந்த 2021 ஜூலை முதல், தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறவும் வீரர்களுக்கு அனுமதி உண்டு. இரண்டும் சேர்ந்ததும் சந்தை உண்டாயிற்று என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

விசுவாசத்தை மட்டும் இருபது வயதுக்காரரிடம் தேட வேண்டாம். மிசிசிப்பிப் பல்கலைக்கழக அணி 11 வெற்றி, ஒரு தோல்வியோடு தேசிய இறுதிச் சுற்றுக்குப் போகக் காத்திருந்த வேளையில், 2025 நவம்பர் 30ஆம் திகதி அதன் பயிற்றுவிப்பாளர் லேன் கிஃபின், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக அறிவித்தார். அவர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பெரியவர் போகலாம், சின்னவர் போகக் கூடாது என்பது எந்த ஊர் வழக்கு?

கே: அவர்கள் படிக்கிறார்களா, பெயருக்குப் பதிவா?
– அதே வாசகர்

விதி படிக்கச் சொல்கிறது: பட்டத்துக்கு வேண்டியதில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும். அடிக்கடி அணி மாறினால் இந்தக் கணக்குத்தான் முதலில் உதைக்கும், ஏனெனில் பழைய இடத்தில் படித்த பாடங்களைப் புதிய இடம் முழுவதும் ஏற்பதில்லை.

கே: எனக்கு 17 வயது. பள்ளி அணியில் பந்துக் காப்பாளர். என் உதை நடுக்கோட்டைத் தாண்டி விழும். எனக்கு அங்கே இடம் கிடைக்குமா?
– சாம்பல்தீவு மாணவர்

தம்பி, கேலி செய்யமாட்டேன். அந்த ஆட்டத்தையே சிறுவயதில் ஆடாத அவுஸ்திரேலிய இளைஞர்கள் பலர், கையிலிருந்து பந்தை விட்டு உயர உதைக்கும் ஒரே திறமையை வைத்துக்கொண்டு அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்திருக்கிறார்கள். அயோவா அணிக்கு உதைத்த மெல்பேர்ண்காரர் டோரி டெய்லர், 2023இல் நாட்டின் சிறந்த உதைப்பாளருக்கான விருதைப் பெற்றார். அவர்களுக்கு அதற்கென்றே பயிற்சி நிலையம் இருக்கிறது, நமக்கு இல்லை. அந்த வேறுபாடு பெரியது. மாணவர் விசாவில் போகும் வெளிநாட்டவர் மேலே சொன்ன விளம்பரப் பணத்தைத் தொடுவதும் எளிதல்ல.

உயர்தரப் பரீட்சையை முதலில் எழுது. உன் உதையை எவராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? பந்து காற்றில் நிற்கும் நேரத்தைத்தான் அங்கே முதலில் பார்ப்பார்கள். நாலரை விநாடி நின்றால் நல்ல உதை. கடற்காற்று இல்லாத ஒரு காலையில் பத்து முறை உதைத்து, நண்பனைக் கைத்தொலைபேசியில் நேரம் பிடிக்கச் சொல்லி, பத்து எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு. நன்றாக விழுந்த மூன்றை மட்டும் அனுப்பாதே.