கடலில் விழித்தவர் சாரத்தில் ஏறலாமா?

கேள்வி:

அன்புள்ள அக்கா, நாங்கள் தங்கச்சிமடம். என் கணவருக்கு 36 வயது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் ராமேஸ்வரத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு தங்கும் விடுதியில் கொத்தனாருக்குக் கையாளாகச் சேர்ந்தார். தொழில் பிடிபட்டுவிட்டது, இப்போது பூச்சு வேலையும் செய்கிறார். தடை முடிந்த பிறகும் விடவில்லை. திங்கள், புதன், சனி கடல். செவ்வாய், வியாழன், வெள்ளி கட்டடம். கடலுக்குப் போகும் நாளில் விடியற்காலை 4 மணிக்கு எழுவார். மறுநாள் காலை 7 மணிக்குக் கரைக்கு வந்து, மீனை இறக்கிவிட்டு, 9 மணிக்குச் சாரத்தில் நிற்பார். இரவு 10 மணிக்குத்தான் படுப்பார். படகில் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தால் பெரிது என்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை பகல் 3 மணிக்கு இரண்டாம் மாடிச் சாரத்தில் பூசிக்கொண்டிருந்தவர், கரணையைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். பலகையும் நழுவிவிட்டது. பக்கத்தில் நின்ற பையன் சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். மேஸ்திரி எனக்குச் சித்தப்பா முறை. "குடித்துவிட்டு வருகிறாயா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அவர் குடிப்பதே இல்லை அக்கா. "கடலில் விடிய விடிய நின்றவன் நான், எனக்கு இதெல்லாம் பழகிவிட்டது" என்கிறார். இது ஏதாவது நோயா? மருந்துக் கடையில் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? மகளிர் குழுக் கடன் இருப்பதால் போக வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. நானும் அதே கட்டடத்தில் சித்தாள். மூன்றரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஓடினால், எல்லாம் முடிந்து படுக்க 11 மணி. அவரோடு உட்கார்ந்து பேச நேரமில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

பெயர் வேண்டாம், தங்கச்சிமடம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை ஒரு தாளில் மணிக்கணக்காகப் பிரித்து எழுதிப் பார்த்தேன். திங்கள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்தவர் செவ்வாய் இரவு 10 மணிக்குத்தான் பாயில் சாய்கிறார். அதற்குள் 42 மணி நேரம் ஓடிவிடுகிறது. அவர் சரிந்த அந்தப் பகல் 3 மணி, அவர் எழுந்து 35 மணி நேரம் ஆன வேளை. ஆறு மணி நேரம் தூங்கி எழுந்ததும் புதன்கிழமை மறுபடியும் முதலிலிருந்து இதே ஓட்டம். இதில் நோயைத் தேட வேண்டியதில்லை. இந்தக் கணக்கில் யார் உடம்பானாலும் சரியும்.

மேஸ்திரி கேட்ட கேள்வி உங்கள் இருவரையும் புண்படுத்தியிருக்கிறது. அதை எல்லார் முன்னிலையிலும் கேட்டது தவறு. ஆனால் அவர் கண்ணில் பட்டது பொய்யில்லை. 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், தூங்காமல் விழித்திருந்தபோதும் மது அருந்தியபோதும் ஆட்களின் கையும் கண்ணும் எப்படி ஒத்துழைக்கின்றன என்று ஒரே சோதனையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்தவர், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவரின் நிலைக்கு வந்துவிட்டார். 24 மணி நேரம் விழித்தால் அது ஏறக்குறைய 100 மில்லிகிராம். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம்தான். ஒரு சொட்டும் குடிக்காமலே உங்கள் கணவர் அந்த எல்லையைத் தாண்டிய நிலையில் சாரத்தில் நின்றிருக்கிறார். அன்று காலை தங்கச்சிமடத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு பைக் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

தூக்கம் கெட்ட மூளை ஒரு வேலை செய்யும். உரிமையாளரைக் கேட்காமலே சில நொடிகள் தானாக அணைந்துகொள்ளும். கண் திறந்திருக்கும்போதுகூட இது நடக்கும். கரணை கையிலேயே இருக்கும், கலவை சுவரில் ஒட்டும், ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டார். மூன்று நான்கு நொடியில் விழித்துக்கொள்வார், தூங்கியதே அவருக்குத் தெரியாது. இருபது அடி உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொட ஒரு நொடிக்குச் சற்று மேல் போதும். விழித்துக்கொள்ள அவகாசமே கிடையாது. அந்தப் பையனுடைய கைக்கு நீங்கள் நன்றி சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருப்பீர்கள்.

"பழகிவிட்டது" என்ற சொல்தான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. 2003இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல உடல்நலமுள்ளவர்களை இரண்டு வாரம் இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். நாளாக நாளாக அவர்களுடைய கவனம் தேய்ந்துகொண்டே போய், கடைசியில் இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்தது. ஆனால் "தூக்கம் வருகிறதா?" என்று கேட்டபோது, "கொஞ்சம்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். களைப்பு நமக்குப் பழகிப்போகிறது, ஆனால் கை தடுமாறுவது நிற்பதில்லை. உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. தன் நிலையை அளக்கும் கருவியே மழுங்கிவிட்டால் ஒருவர் எதைக் கொண்டு அளப்பார்?

கடலில் பழகியவர் என்பது உண்மைதான், அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் படகில் ஒருவர் அசந்தால் அடுத்தவர் குரல் கொடுப்பார், வலை இழுப்பது பல கைகளின் வேலை. சாரத்தில் ஒன்றரை அடி அகலப் பலகையில் அவர் தனியாக நிற்கிறார். கடலிலும் தூக்கமில்லாமை ஆபத்துதான். அந்த ஆபத்தைக் கரைக்குக் கொண்டுவந்து மாடியில் ஏற்ற வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பகல் 3 மணி என்று நீங்கள் குறித்திருப்பதும் முக்கியம். நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் விடியலுக்கு முன்பு ஒருமுறையும் மதியத்துக்குப் பிறகு ஒருமுறையும் நம்மைத் தூக்கத்தின் பக்கம் தள்ளும். மதியம் சாப்பிடாவிட்டாலும் தள்ளும். அதோடு நம் கடற்கரை வெயிலும் வியர்வையில் போன தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும்? நன்றாகத் தூங்கிய ஆளையே அந்த நேரம் அசைத்துப் பார்க்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பலகை நழுவியது தூக்கத்தால் அல்ல. கட்டப்படாத பலகைதான் நழுவும். அது மேஸ்திரி பார்த்திருக்க வேண்டியது. சாரத்துக்கு இடுப்பு உயரத்தில் குறுக்குக் கம்பு, உயரத்தில் நிற்பவருக்கு பெல்ட், தலைக்கு ஹெல்மெட் ஆகியவை நன்றாகத் தூங்கி வந்தவருக்கும் வேண்டும். உங்கள் கணவரின் களைப்பைக் காட்டி இந்தக் கடமையிலிருந்து யாரும் நழுவிவிடக் கூடாது. சித்தப்பா முறை என்றாலும் இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

என் அப்பா கீழக்கரைப் பக்கம் கொத்தனாராக இருந்தவர். காலையில் வேலையாட்கள் வந்ததும் "சாப்பிட்டாயா?" என்று கேட்க மாட்டார். "தூங்கினாயா?" என்றுதான் கேட்பார். திருவிழா, கூத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காரணம் எதுவாக இருந்தாலும், தூங்காதவரை அன்று மேலே ஏற்ற மாட்டார். செங்கல் நனைக்க, மணல் சலிக்க, சுவருக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுவார். கூலியில் கை வைக்க மாட்டார். அதனால்தான் ஆட்கள் உண்மையைச் சொன்னார்கள். கூலியைக் குறைத்தால் யார் சொல்வார்கள்? சித்தப்பாவிடம் நீங்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான். "குடித்தாயா?" என்று கேட்டவர் இனி "எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்கட்டும். தனியாகக் கேட்கட்டும்.

இதில் அவருக்கும் லாபம் இருக்கிறது. தூக்கம் கெட்டவருக்கு எண்ணிக்கை தவறும். ஒரு பெட்டி சிமெண்டுக்கு எத்தனை பெட்டி மணல் போட்டோம் என்பது நடுவில் மறந்துபோகும். தூக்குக்குண்டைப் பார்த்தும் பார்க்காதது போல் இருக்கும், பூச்சு கோணிக்கொள்ளும், மறுநாள் கொத்தி எடுக்க வேண்டியிருக்கும். நம் ஊரில் அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. தளத்துக்குக் கம்பி கட்டும்போது அடியில் வைக்கும் கவர் கட்டையை ஓரிடத்தில் மறந்தால், கம்பியின் அடிப்பக்கத்தைப் போதுமான கான்கிரீட் மூடாமல் போய்விடும். உப்புக் காற்று அடிக்கும் பாம்பன், ராமேஸ்வரம் பகுதியில் அந்தக் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடித்துக் கூரை உதிரும் என்பதை மேஸ்திரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என்ன செய்யலாம்? செவ்வாயும் வியாழனும் கடலிலிருந்து வந்த கையோடு கட்டடத்துக்குப் போவதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகட்டும். வியாழன் இரவு வீட்டில் முழுத் தூக்கம் தூங்கி எழுகிற ஒரே வேலைநாள் அதுதான். பெரியவர்களுக்கு ஓர் இரவுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தொகையை எழுதிக்கொண்டு குழுக் கூட்டத்துக்குப் போங்கள். தவணையைச் சிறிதாக்கி மாதத்தை நீட்டிக் கேளுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனால் இடுப்பெலும்பு முறிந்து படுத்தால் கடல் கூலியும் சேர்ந்து நின்றுவிடும், அப்போதும் அதே குழுவிடம்தான் போய் நிற்க வேண்டும்.

கரைக்கு வந்த காலையில் அவர் குளித்து, சாப்பிட்டு, உடனே படுக்கட்டும். பகல் தூக்கம் சீக்கிரம் கலையும். வெளிச்சமும் சூடும்தான் அதற்கு எதிரி. சன்னலில் ஒரு பழைய சேலையை இரண்டாக மடித்துக் கட்டுங்கள். தூங்குவதற்கு உடம்பு சற்றுக் குளிர வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே அது நடக்காது என்றால் பகலில் மர நிழலும், இரவில் கொசுவலை கட்டிய முற்றமும் மேல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் முற்றம்தான் நல்ல படுக்கையறை. அடுத்த நாள் கடல் என்றால் முந்தின நாள் மாலையே சீக்கிரம் படுக்கலாம், ஞாயிறு மதியமும் தூங்கலாம். விழிக்கப்போகும் இரவுக்கு முன்னால் தூங்கிய தூக்கம் வீண்போகாது. மாலை 5 மணிக்கு மேல் குடிக்கும் தேநீரில் விழிக்க வைக்கும் காஃபீன் இருக்கிறது, அதில் பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் இருக்கும், அதை விட்டுவிடட்டும். புகையிலையும் அப்படித்தான், அதுவும் விழிக்க வைக்கும் பொருள்.

வேலை நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு நிழலில் 20 நிமிடம் கண்மூடினால் அந்த 3 மணித் தடுமாற்றம் குறையும். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்துவிடும், எழுந்ததும் தலை மந்தமாக இருக்கும். எழுந்து, முகம் கழுவி, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் தரையில் நின்ற பிறகே சாரத்தில் கால் வைக்கட்டும். தளம் போடும் நாளில் கான்கிரீட்டைப் பாதியில் நிறுத்த முடியாது, இரவு வரை இழுக்கும். அந்த வேலைக்கு முந்தைய இரவு கடலுக்குப் போனவரைக் கூப்பிடவே கூடாது என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். வெளிமாநிலப் பையன்கள் கட்டடத்திலேயே தகரக் கொட்டகையில் படுத்திருந்தால் அவர்கள் தூக்கத்தையும் அவர் கவனிக்க வேண்டும். தொழிலாளர்களுக்குத் தங்கும் இடம் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1996ஆம் ஆண்டிலேயே சட்டம் எழுதப்பட்டது. வெந்து எரியும் தகரத்துக்குக் கீழே ஏழு பேரைப் படுக்கவைப்பது தங்கும் இடம் ஆகாது.

சத்து மாத்திரை வேண்டாம். தூக்கம் என்ற பற்றாக்குறையை எந்தச் சத்தும் நிரப்பாது. கடையில் தாமாக வாங்கித் தூக்க மாத்திரை போடவும் கூடாது, அதன் மயக்கம் மறுநாள் காலையிலும் இருக்கும். சளி, அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவைப்பவைதான். அவற்றைப் போட்ட நாளில் உயரத்தில் ஏறக் கூடாது. ஒன்றை மட்டும் கவனித்துப் பாருங்கள். அவர் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி விழிக்கிறாரா? இரண்டு வாரம் நன்றாகத் தூங்கிய பிறகும் பகலில் அசந்துபோகிறாரா? அப்படியானால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். அது வேறு சிக்கல், அதற்கு மருத்துவம் உண்டு.

கடைசியாக உங்களைப் பற்றி. கணவரின் தூக்கத்தை மணி பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையதை, பேச நேரமில்லை என்பதற்குக் காரணமாக மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். 11 மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழுந்தால் நாலரை மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு ஓய்வு கிடைக்கிறது, உங்களுக்கு அதுவும் இல்லை போலத் தெரிகிறது. தலையில் கலவைச் சட்டியோடு சாய்பலகையில் ஏறுகிறவர் நீங்கள். இரண்டு கையும் சட்டியைப் பிடித்திருக்கும்போது சரிந்தால் எதைப் பிடிப்பீர்கள்? உங்கள் வீட்டில் இப்போது சாரத்திலிருந்து விழக் கூடியவர்கள் இரண்டு பேர்.

கணவர் கடலுக்குப் போகாத நாள்களில் விடியற்காலைத் தண்ணீரை அவர் பிடிக்கட்டும். பிடிப்பார், கேட்டுப் பாருங்கள். இரவுப் பாத்திரங்களைப் பெரிய பிள்ளை கழுவட்டும், ஆணானாலும் பெண்ணானாலும். கடலுக்குக் கட்டிக் கொடுக்கும் சோற்றுக்கான குழம்பை முந்தின மாலையே வைத்துவிடுங்கள். 9 மணிக்குப் பாயை விரித்துவிடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால், ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, போய்ப் பதிந்துவிட்டு வாருங்கள். சித்தாளும் கட்டுமானத் தொழிலாளிதான்.

இதை அவரிடம் செவ்வாய் இரவு வாசித்துக் காட்டாதீர்கள், காதில் ஏறாது. வெள்ளிக்கிழமை காலை, அவர் தூங்கி எழுந்து தேநீர் குடிக்கும்போது வாசியுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள். அதில் அவர் தூங்கிய மணிகளுக்குப் பக்கத்தில் நீங்கள் தூங்கிய மணிகளும் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா