வாசகர் கேள்வி – பதில்: டியூட்டரான் சிதறல் கணக்குகள்

கேள்வி: 56 எம்இவி (ஆற்றல் அலகு) டியூட்டரான் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த துகள்), நிக்கல்-58 இலக்கு. மீட்சிச் சிதறல் (இலக்கைக் கிளர்த்தாத சிதறல்) தரவோடு நன்றாகப் பொருந்துகிறது. 1.454 எம்இவி 2+ கிளர்ச்சி நிலைக்கு மட்டும் குறுக்குவெட்டு (வினை நடக்கும் வாய்ப்பின் அளவு) எல்லாக் கோணங்களிலும் கூடுதலாக வருகிறது. அணுக்கருவின் உருத்திரிபைச் சொல்லும் பீட்டா 0.183 என்று அட்டவணை மதிப்பைத்தான் கொடுத்தேன். தப்பு எங்கே?

பதில்: பீட்டா சரிதான். அதை எந்த ஆரத்தோடு பெருக்கினீர்கள் என்பதில்தான் சிக்கல். 0.183 என்பது 1.2 ஃபெர்மி (10⁻¹⁵ மீட்டர்) ஆரக் கெழுவோடு சேர்ந்த எண். 58-இன் கனமூலம் 3.87, ஆரம் 4.65 ஃபெர்மி, பெருக்கினால் உருத்திரிபு நீளம் 0.85 ஃபெர்மி. மாற்றாமல் எடுத்துச்செல்ல வேண்டியது இந்த நீளத்தைத்தான். உங்கள் ஆப்டிகல் பொட்டென்ஷியலில் (துகளுக்கும் அணுக்கருவுக்கும் இடையிலான விசையின் மாதிரி) உறிஞ்சலைக் காட்டும் கற்பனைப் பகுதிக்குக் கெழு 1.33 என்றால் ஆரம் 5.15, அதே பீட்டாவைப் போட்டால் நீளம் 0.94 ஆகிவிடும். குறுக்குவெட்டு நீளத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அந்தப் பகுதியின் பங்கு மட்டும் 23 சதவீதம் ஊதும். டியூட்டரான் அணுக்கருவின் விளிம்பிலேயே உறிஞ்சப்படும் துகள். ஆகவே கற்பனைப் பகுதியை லேசாக எடுக்க முடியாது. மெய், கற்பனை இரண்டு பகுதிக்கும் 0.85 ஒன்றையே வையுங்கள். சிதறலைக் கணக்கிடும் ஃப்ரெஸ்கோ நிரல் கேட்பது நீளம். அங்கே 0.183 போட்டால் விடை இருபது மடங்குக்கு மேல் சுருங்கும்!

கூலோம் கிளர்ச்சிக்கு (மின்விசையால் வரும் கிளர்ச்சி) தனி எண் தேவை: அந்த நிலைக்கான மின் தாவலின் வலிமையான பி(இ2)-வின் வர்க்கமூலம், இங்கே சுமார் 26 இ-ஃபெர்மி². குறியைக் கவனியுங்கள், மாறிப்போனால், முன்கோணங்களில் ஒன்றையொன்று குறைக்க வேண்டிய கூலோம், அணுக்கரு வீச்சுகள் இரண்டும் கூடிவிடும். கூலோம் விசை நெடுந்தூரம் நீள்வதால் பொருத்தும் ஆரம் (உள் அலைச்சார்பை வெளித் தீர்வோடு இணைக்கும் தூரம்) 30 ஃபெர்மியாவது வேண்டும், பகுதி அலைகள் (கோண உந்தவாரியாகப் பிரித்த அலைகள்) 70 வரை. 30 அலைகளோடு நிறுத்தினால் முன்கோணங்களில் பொய்யான நெளிவுகள் தெரியும்.

கேள்வி: டியூட்டரான் உடைவதையும் சேர்த்து சிடிசிசி (உடைந்த நிலைகளைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) ஓட்டினேன். மீட்சிச் சிதறலே கெட்டுவிட்டது.

பதில்: டியூட்டரானின் ஆப்டிகல் பொட்டென்ஷியலை அப்படியே விட்டு, மேலே உடைவைச் சேர்த்திருப்பீர்கள். தரவுக்குப் பொருத்திய அந்தப் பொட்டென்ஷியலில் உடைவால் வரும் இழப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. இரண்டு முறை கழித்தாயிற்று. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் பாதி ஆற்றலில், தலா 28 எம்இவிக்கு உரிய பொட்டென்ஷியல்களைப் போடுங்கள். உடைந்த டியூட்டரானின் தொடர் நிலைகளை அலையெண் 1 ஃபெர்மி⁻¹ வரை, 0.1 அகலக் கட்டங்களாக, எஸ், டி அலைகளுக்குப் பிரிக்கலாம். இவ்வளவு குறுகிய கட்டத்தின் அலைச்சார்பு 60 ஃபெர்மிக்கு மேலும் நீளும். 20-இல் வெட்டினால் அலைச்சார்பின் நெறிமம் (மொத்த அளவு, 1 இருக்க வேண்டும்) 1-க்கு வெகு கீழே நிற்கும். வெளியீட்டில் முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: டியூட்டரான் சிதறலில் கார்பன்-12-இன் 12.71 எம்இவி நிலை தெரிகிறது, 15.11 ஏன் தெரிவதில்லை?

பதில்: டியூட்டரானின் ஐசோஸ்பின் (புரோட்டான்-நியூட்ரான் ஒற்றுமையைக் குறிக்கும் குவாண்டம் எண்) 0. 12.71-க்கும் 0, 15.11-க்கு 1. அணுக்கரு விசை ஐசோஸ்பினைக் காக்கும்வரை அந்தக் கதவு திறக்காது.