நியூட்ரினோ ஆராய்ச்சி என்கிறாள் மகள்: சேர்க்கலாமா?

அம்மா,

பாலக்கோட்டில் இருந்துகொண்டு இந்தப் படிப்புக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நியூட்ரினோ என்பது எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிப் போகும் மிகச் சிறிய துகள். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ 1965-ல் பதிவான கோலார் தங்கச் சுரங்கம் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் கருவியை வைத்தார்கள். காரணம் மியூவான். காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உண்டாகும் இந்தத் துகள், தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் விழுகிறது. அந்த நெரிசலில் நியூட்ரினோவைத் தேட முடியாது. பாறை வடிகட்டினாலும் கொஞ்சம் தப்பி வரும்: ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே நியூட்ரினோ ஆய்வகத்தில் 1000 மீட்டர் ஆழத்திலும் நொடிக்கு இரண்டு. அவற்றை அடையாளம் கண்டு ஒதுக்குவதும், அவற்றையே ஆராய்வதும் தனித் துறை.

தேனி பொட்டிபுரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகம் இன்னும் கட்டப்படவில்லை, அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். மதுரையில் அதற்கான 85 டன் எடையுள்ள மாதிரிக் கருவி இருக்கிறது.

மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசரின் நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் தலா 15. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். உங்கள் மகளைப் போல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் பிள்ளைகள் வழுக்குவது உயிரியலில். பத்தாம் வகுப்பு அடிப்படையில் வருவதை மட்டும் எழுதி, மற்றதை விட்டுவிடட்டும். அதுபோன்ற இன்னொரு நிறுவனமான புவனேஸ்வர் நைசருக்கான நெஸ்ட் தேர்வில் சிறந்த மூன்று பாடங்களே கணக்கு, அதனால் உங்கள் மகளுக்கு அது வசதி. இரண்டுமே கிடைக்காவிட்டால் தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதலாம். மட்டமான வழி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இப்போதே ஆர்வத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தந்திருக்கும், மியூவானை எண்ணும் 'காஸ்மிக் வாட்ச்' பெட்டியின் வடிவமைப்பு இலவசம், ஒரு பெட்டிக்கான பாகங்கள் 100 டாலர் அளவு. துகள் பட்டால் மினுங்கும் 5 செ.மீ. சதுர பிளாஸ்டிக் (சின்டிலேட்டர்), அந்த ஒளியை உணரும் சிலிக்கான் சிப், எண்ணிப் பதியும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, அவ்வளவுதான். ஒரே பெட்டி வைத்தால் ஏமாற்றும்: நம்மூர் கிரானைட் தரையின் காமா கதிரையும் சேர்த்து எண்ணிவிடும். இரண்டு பெட்டிகளை 10 செ.மீ. இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ண வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு, மூன்றுதான் வரும், சலித்துக்கொள்ளக் கூடாது. டார்ச் அடித்ததும் எண்ணிக்கை எகிறினால் வெளிச்சம் புகாமல் பிளாஸ்டிக்கைச் சுற்றிய கறுப்பு டேப்பில் ஓட்டை இருக்கிறது. சித்திரை வெயிலில் சிப் சூடாகி இரைச்சல் கூடும், துடிப்பு சிறுக்கும். அறை வெப்பநிலையையும் கூடவே குறிக்கட்டும். இந்தச் சள்ளை பிடித்த வேலையை ஒரு மாதம் ரசித்துச் செய்தால் தாராளமாக அனுப்புங்கள்.

வேலை விஷயம். பேராசிரியர், விஞ்ஞானி இடங்கள் குறைவு, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பைத்தான், சி பிளஸ் பிளஸ், எலெக்ட்ரானிக்ஸ் மூன்றும் கைவந்தவர் மருத்துவ ஸ்கேன் கருவி, டேட்டா துறைகளுக்கு மாறிக்கொள்ளலாம். பிஎச்.டி.யில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இந்தத் துறையில் பிஎச்.டி.க்கு லட்சக்கணக்கில் கட்டச் சொல்லும் இடத்தில் மட்டும் சேர்க்காதீர்கள்.