மெட்டல் டிடெக்டர்: டெல்டா மில்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

அரிசி மில், கருவாடு, மசாலா என்று காவிரி டெல்டாவில், சரக்கில் கலந்த உலோகத் துண்டைப் பிடிக்கும் மெட்டல் டிடெக்டருக்கு சர்வீஸ் பார்க்கிறேன். குழுவில் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

மன்னார்குடி: அண்ணே, மில்லுல காந்தம் இருக்கு. டிடெக்டர் வேற எதுக்கு?

காந்தம் இரும்பைத்தான் இழுக்கும் தம்பி. பித்தளையும் அலுமினியமும் நல்ல எவர்சில்வரும் நெல்லோடு நெல்லாகப் போய்விடும். அதற்காகக் காந்தத்தைக் கழற்றிவிடாதீர்கள். ஆணி, போல்ட்டையெல்லாம் அதுவே எடுத்துவிட்டால் டிடெக்டருக்கு வேலை குறையும்.

கும்பகோணம்: உலோகம்னு அதுக்கு எப்படி சார் தெரியுது?

பெட்டிக்குள் மூன்று செப்புக் கம்பிச் சுருள்கள். நடுச் சுருளில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடி, காந்தப்புலம் உண்டாகும். இரண்டு பக்கமும் சம தூரத்தில் உள்ள சுருள்கள் அதை வாங்கும். அவற்றை எதிரெதிராக இணைத்திருப்பதால் ஒன்றின் மின்னழுத்தத்தை மற்றது அடித்துவிடும். தராசு முள் நடுவில் நிற்பதுபோல மீட்டர் பூஜ்யத்தில் நிற்கும். உலோகம் உள்ளே வந்தால் முள் சாயும். இரும்பு காந்தப்புலத்தையே தன் பக்கம் இழுக்கும். செம்பு, அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் கிளம்பும். 304, 316 என்ற ரக எவர்சில்வரில் இரண்டுமே சொற்பம், அதனால் அதுதான் கள்ளன். சின்ன இரும்பு உருண்டைக்குக் கத்துகிற மெஷின், அதே அளவு எவர்சில்வர் உருண்டைக்கு வாயே திறக்காது. விற்க வருபவர் இரும்பு டெஸ்ட் பீஸை மட்டும் விட்டுக் காட்டினால், எவர்சில்வரையும் விடச் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம்: கருவாட்டுல உலோகமே இல்ல, ஆனா கத்திக்கிட்டே இருக்கு சார்.

உப்பும் ஈரமும் சேர்ந்தால் மின்சாரம் கடத்தும், அம்மா. மெஷினுக்குக் கருவாடே உலோகம் மாதிரிதான். ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியாக ஓட்டிக் காட்டி, அதன் சிக்னலை ஒதுக்கும்படி செட் செய்ய வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் அரை ஈரமானதும் ஒரே செட்டிங்கில் ஓடாது. பெரும்பாலான இடங்களில் ஆபரேட்டர் சென்சிடிவிட்டியைக் குறைத்துச் சத்தத்தை நிறுத்திவிடுகிறார். அப்புறம் அந்தப் பெட்டி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

திருவாரூர்: 25 கிலோ சிப்பம் கட்டின பிறகு பார்த்தா போதாதா?

சிப்பம் நுழைய டிடெக்டரின் வாய் பெரிதாக வேண்டும். வாய் பெரிதானால் சின்னத் துண்டு தப்பும், அதுவும் நட்ட நடுவில் போனால் இன்னும் சுலபமாக. பாலிஷர், நிறம் பார்த்துப் பிரிக்கும் சார்ட்டர் எல்லாம் தாண்டி, மூட்டை பிடிக்கும் முன் அரிசி விழும் குழாயில் வையுங்கள். பிடிபட்டால் ஃப்ளாப் திறந்து ஒரு கை அரிசி ஒதுங்கும். முழுச் சிப்பத்தையும் பிரிக்க வேண்டாம்.

பட்டுக்கோட்டை: கல்லு, கண்ணாடி பிடிக்குமா?

பிடிக்காது. கல்லுக்கு, கல் பிரிக்கும் மெஷினான டீஸ்டோனர்.

தஞ்சாவூர்: ஒரே சல்லடைக் கம்பித் துண்டு, ஒரு தடவை மாட்டுது, மறு தடவை தப்புதே?

படுத்திருக்கும் வாக்கைப் பொறுத்தது. இரும்புக் கம்பி சரக்கு ஓடும் திசையிலேயே நீளமாக வந்தால் மாட்டும், குறுக்கே வந்தால் தப்பலாம். எவர்சில்வர் கம்பிக்கு அப்படியே தலைகீழ். மெல்லிய கம்பி என்றால் எந்த டிடெக்டருக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஷிஃப்ட் மாறும்போது சல்லடையில் கண் அறுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மயிலாடுதுறை: பெல்ட் காலியா ஓடும்போதே கத்துதே?

முதலில் பெல்ட் ஜாயிண்ட்டைத் தடவிப் பாருங்கள், கம்பித் துணுக்கு ஏறியிருக்கும். அங்கே ஒன்றுமில்லையென்றால் ஃப்ரேம் போல்ட்டுகளை முடுக்குங்கள். இளகிய மூட்டு ஆடும்போது மின்னோட்டம் விட்டு விட்டு ஓடி ஏமாற்றும். பக்கத்தில் வெல்டிங் ஓடினாலும், மோட்டார் டிரைவ் கேபிள் ஒட்டிப் போனாலும் இதே கதைதான்.