பின் சப்ஃப்ரேம் புஷ்களை மாற்றினால் காரின் பிடிமானம் கூடுமா?

சப்ஃப்ரேம் என்பது பின் சஸ்பென்ஷனைத் தாங்கியபடி பாடிக்குக் கீழே முடுக்கியிருக்கும் சட்டகம்; இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். பிடியைத் தருவது டயர். புஷ்ஷை எதனால் செய்து போட்டாலும் டயரின் பிடி இம்மியும் கூடாது. விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இருக்கிற பிடியைத் தின்று தீர்க்கும் வேலையைத் தேய்ந்த புஷ் நன்றாகவே செய்யும். முதல் கியரில் அழுத்திக் கிளம்பும்போது பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது, ரப்பரை விடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் காரும் இதே பாட்டைத்தான் பாடியது.

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய, பின்சக்கர இயக்கமுள்ள செடான் அது. குதிப்பது போதாதென்று, வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டால் வால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் அசையும். டயர் மாற்றினேன், ஷாக் அப்சார்பர் மாற்றினேன், மூன்று முறை வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணம், பார்த்தேன். ஒவ்வொரு முறையும் எல்லா எண்களும் பச்சையில் வந்தன. வரத்தான் செய்யும், அந்த இயந்திரம் அளப்பது நின்றுகொண்டிருக்கிற காரை. ஓடும்போது சட்டகமே நகர்ந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

கடைசியில் கை கொடுத்தது ஒரு வெள்ளை பெயின்ட் பேனா. சப்ஃப்ரேமிலிருந்து பாடி வரை ஒரு நேர்கோடு இழுத்து, ஃபோனின் கேமராவைக் கீழே கட்டிவிட்டு, ஆளில்லாத இடத்தில் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாறி மாறி அழுத்தினேன். வீடியோவில் கோடு இரண்டாக உடைந்து அரை விரலளவு விலகியது. காலை எடுத்ததும் மறுபடி ஒன்றாயிற்று. கழற்றிப் பார்த்தபோது ரப்பர் ஒரு பக்கம் உலோகக் குழலை விட்டே பிரிந்திருந்தது.

கணக்குப் போட்டால் வியப்பில்லை. 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் இன்ஜின், முதல் கியர் விகிதம் 3.5, இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் விகிதம் 3.7 என்றால், இழப்புகளை விட்டுவிட்டுப் பார்க்கையில் சக்கரங்களுக்கு வருவது ஏறக்குறைய 3,200 நியூட்டன் மீட்டர். சக்கரத்தின் ஆரம் 31 சென்டிமீட்டர் என்று கொண்டால், காரை முன்னே தள்ளும் விசை ஒரு டன் எடைக்குச் சமம். அவ்வளவும் பாடிக்குப் போய்ச் சேரும் வழி, பெரும்பாலான கார்களில், நான்கு ரப்பர் உருளைகள். அதே நேரத்தில் டிஃபரன்ஷியல் தன் மூக்கைத் தூக்கிச் சட்டகத்தையே முறுக்கப் பார்க்கும். ரப்பர் முறுக்கேறும், டயர் வழுக்கும், ரப்பர் விடுபட்டுத் திரும்பும், டயர் மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் பல முறை நடக்கும் இந்த இழுபறிதான் நீங்கள் கேட்கிற தடதடப்பு. இதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் ஒருநாள் ஆக்சில் ஷாஃப்ட் உடையலாம்.

சரி, எதைப் போடுவது? சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்மின் புஷ்ஷையும் சப்ஃப்ரேம் புஷ்ஷையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஆர்ம் மேலும் கீழும் ஆட வேண்டும்; அதன் ரப்பர் அதற்கேற்ப முறுக்கேறிக் கொடுக்கிறது. அங்கே கெட்டியான பாலியூரித்தேன் போட்டு, கிரீஸும் காய்ந்துவிட்டால் கீச்சிடும், சஸ்பென்ஷனும் இறுகும். சப்ஃப்ரேமோ அசைய வேண்டிய தேவையே இல்லாத பொருள். அங்கே ரப்பரை வைப்பது முக்கியமாகச் சத்தத்தையும் அதிர்வையும் வடிகட்டத்தான். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் ரப்பரே இல்லாமல் சப்ஃப்ரேமை நேராகப் பாடியில் முடுக்கியிருக்கிறார்கள். அதனால், காரில் ஒரே ஓர் இடத்தை மட்டும் கெட்டியாக்கலாம் என்றால் நான் கை வைப்பது இங்கேதான்.

டிஃபரன்ஷியலின் முனகல் உங்கள் காதுக்கு வர இரண்டு அடுக்கு ரப்பரைத் தாண்ட வேண்டும்: டிஃபரன்ஷியலுக்கும் சப்ஃப்ரேமுக்கும் நடுவில் ஒன்று, சப்ஃப்ரேமுக்கும் பாடிக்கும் நடுவில் இன்னொன்று. ஒன்றைக் கெட்டியாக்கினால் மற்றதைத் தொடாதீர்கள். நான் சப்ஃப்ரேமுக்கு அலுமினியமும் டிஃபரன்ஷியலுக்குப் புது ரப்பரும் போட்டேன். 90 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது, கண்ணாடியை இறக்கினால் அதுவும் கேட்காது. இரண்டையும் உலோகமாக்கிய நண்பர் ஒருவரின் காரில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும்.

உங்கள் ரப்பர் கிழியாமல் தளர்ந்து மட்டும் இருந்தால், அதன் இடைவெளிகளை அடைக்கும் பாலியூரித்தேன் துண்டுகள் போதும். கிழிந்திருந்தால் அது வீண்செலவு. அன்றாட ஓட்டத்துக்கு மட்டும் என்றால் புதிய அசல் ரப்பரே பாதி வியாதியைத் தீர்த்துவிடும்.

வேலை எளிதன்று. காரைத் தாங்குவது பாடியாக இருக்க வேண்டும், சப்ஃப்ரேமாக அல்ல. பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏபிஎஸ் ஒயர், புரப்பல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் கவனித்துத்தான் சட்டகத்தை இறக்க முடியும். பழைய புஷ்ஷின் வெளிக்குழல் துருவேறி உட்கார்ந்திருக்கும். ஹேக்ஸா பிளேடை உள்ளே நுழைத்து அதை நீளவாக்கில் அறுத்தேன். கடைசி அரை மில்லிமீட்டரில் கை தானாகவே மெதுவாகிவிடும், ஏனென்றால் அதற்கு அப்பால் சட்டகத்தின் சுவர். புது அலுமினியப் புஷ்ஷை இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மயிரிழை சுருங்கும். அந்த மயிரிழைதான் காலையில் உதவும்.

கெட்டியான புஷ் போடுமுன் பாடியில் போல்ட் ஏறும் இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிஎம்டபிள்யூ இ46 கார்களில் அந்த இடத்துத் தளத்தகடு கிழிவது ஊரறிந்த குறை. விரிசல் விட்ட தகட்டில் விறைப்பைக் கூட்டி முடுக்கினால் ஒவ்வோர் அதிர்ச்சியும் நேராக அதன் மேல்தான் விழும்.

எல்லாம் முடிந்து நான்காவது முறையாக அலைன்மென்ட் மேடையில் ஏற்றினேன். சக்கரங்களின் சரிப்படுத்தும் போல்ட்டுகள் எதையும் நான் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் பின்சக்கரங்களின் எண்கள் எல்லாம் மாறியிருந்தன: இடப்பக்கம் உள்நோக்கி, வலப்பக்கம் வெளிநோக்கி. மூன்று முறை பச்சையில் வந்த அந்த எண்கள், கோணலாகத் தொங்கிய சப்ஃப்ரேமுக்கு ஏற்றபடி ஒட்டுப் போட்டவை.