பழைய சிகரெட் பாக்கெட்டுகளில் நடிகைகளின் படம் ஏன் இருந்தது?

1880களின் அமெரிக்க சிகரெட் பாக்கெட்டைத் திறந்தால், நடிகை படம் ஒட்டிய சிறு அட்டை ஒன்று கிடைக்கும். சிகரெட் அட்டை என்பது இதுதான். அதன் முதல் வேலை விளம்பரம்கூட அல்ல. அன்றைய பாக்கெட் வெறும் மெல்லிய காகிதம். சட்டைப்பையில் கசங்கினால் சிகரெட் நொறுங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த அட்டை. புதுச் சட்டை மடிப்புக்குள் ஒரு அட்டை வைக்கிறார்களே, அதே கதைதான்.

சரி, நடிகை எதற்கு? கையால் சுற்றினால் ஒருவருக்கு நாளுக்கு இரண்டு மூவாயிரம் சிகரெட்தான். சிகரெட் சுற்றும் பான்சாக் இயந்திரமோ நாளுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் தள்ளியது. அத்தனையையும் விற்றாக வேண்டும். வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். டியூக், ஆலன் அண்ட் ஜின்டர் போன்ற சிகரெட் நிறுவனங்கள் படங்களைத் தொடராகப் போட்டன. விட்டுப்போன படத்துக்காகவே அடுத்த பாக்கெட் வாங்கினார்கள். மேடை உடையில் கால் தெரிய நிற்கும் படங்களும் உண்டு. இந்த விளம்பரங்கள் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்று 1894இல் சிகரெட் தொழிலை நடத்திய மகன் ஜேம்ஸ் டியூக்குக்குக் கடிதம் எழுதினார் அப்பா வாஷிங்டன் டியூக். வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு!

அட்டையில் இருந்ததாலேயே அந்த நடிகை அந்த சிகரெட்டைப் பரிந்துரைத்தார் என்று நினைக்க வேண்டாம். பல படங்கள் நாடக ரசிகர்களுக்கு விற்க ஸ்டுடியோக்களில் எடுத்தவைதான்.